நாற்காலியை நிமிர்த்திய பிறகு

பல் மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கியவர்கள் முதலில் வந்து நிற்கும் இடம் வாய்நோய்ப் பிரிவு. சொத்தைப் பல்லும் ஆடும் பல்லும் அங்கிருந்து அந்தந்தப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். போக இடமில்லாமல் அங்கேயே தங்குகிறவர்கள் தினமும் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். கையிலுள்ள பையை வைத்தே அவர்களை அடையாளம் காணலாம். துணிக்கடைப் பை, உள்ளே நான்கைந்து வருடத்துச் சீட்டுகள், மூலை மடங்கிய ரத்தப் பரிசோதனைத் தாள்கள், அடிவரை சுருட்டிப் பிதுக்கிய களிம்புக் குழாய், பாதி தின்ற பி காம்ப்ளக்ஸ் அட்டை. காது மூக்கு தொண்டை, தோல், வயிறு என்று மூன்று நான்கு டாக்டர்களைப் பார்த்திருப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் கேட்டு மாசிக்காயை உரைத்துத் தடவியிருப்பார்கள். மணத்தக்காளிக் கீரையைச் சலிக்கும்வரை தின்றிருப்பார்கள். கடைசியாகப் பார்த்த டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஒண்ணுமில்ல, டென்ஷன்தான்னு சொல்லிட்டாங்க."

இந்தப் பையைப் பிரிப்பதற்கு முன்பே வாயைத் திறக்கச் சொல்வதுதான் தொண்ணூறுகளில் வழக்கம். நோயாளி நாற்காலியில் மல்லாந்திருப்பார். முகத்துக்கு நேரே விளக்கு. ஒரு கன்னத்தில் கண்ணாடி, மறு கன்னத்தில் பயிற்சி மருத்துவரின் விரல். அந்த நிலையில்தான் "எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்பார்கள். வாய் நிறையக் கருவியோடு இருப்பவர் மூன்று விரலைக் காட்டுவார். அது மூன்று மாதமா, மூன்று வருடமா என்பது சீட்டில் எழுதுகிறவரின் ஊகம். களிம்பு எழுதிக் கொடுத்து அடுத்தவரைக் கூப்பிட நான்கு நிமிடம் போதும். அந்த நான்கு நிமிடத்தில் தப்பான மருந்து எழுதப்பட்டதாகவும் சொல்ல முடியாது. களிம்பு சரிதான், நோயாளிதான் திரும்பி வரமாட்டார், அல்லது பையில் இன்னொரு சீட்டைச் சேர்த்துக்கொண்டு வேறொரு வாசலுக்குப் போவார்.

நாற்காலியை நிமிர்த்தி, விளக்கை அணைத்து, கையுறை போடாமல் எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து முதலில் பேசுவது என்ற பழக்கம் வர ஏறத்தாழப் பத்து வருடம் ஆனது. எந்தச் சுற்றறிக்கையும் அதைச் சொல்லவில்லை. இப்படி உட்கார்ந்து கேட்ட மருத்துவர்களிடம் நோயாளிகள் திரும்பி வந்தார்கள் என்பதுதான் அதைப் பரப்பியது. வாய்நோயில் மனத்துணை என்று இன்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த ஸ்டூலில்தான் நடக்கிறது. மனநல மருத்துவரிடம் அனுப்புவது அதில் ஒரு சிறு பகுதி. அதுவும் கடைசியில் வருவது.

வாய் எரிச்சல் நோயிலிருந்து தொடங்குவது வசதி, ஏனென்றால் அதில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. வருபவர்களில் மிகப் பலர் மாதவிலக்கு நின்ற பெண்கள். ஐம்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் சொன்னது அப்படியே பாடமாக வைக்கத் தக்கது: "காலையில எந்திரிக்கும்போது நல்லாத்தான் இருக்கு டாக்டர். மத்தியானத்துக்கு மேல நாக்கு நுனியில மிளகாயத் தேய்ச்ச மாதிரி. ராத்திரி தூங்கிட்டா தெரியல. குழம்புல உப்புப் பார்த்தா ஒண்ணும் புரியல." கதவுக்கு வெளியே நின்ற கணவர் உள்ளே எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சேர்த்தார்: "சாப்பிடறப்ப மட்டும் எரியலையாம்." குரலில் கேலி இருந்தது. இரண்டு வருடமாக அந்த வீட்டில் மனைவி நடிக்கிறார் என்றே முடிவாகியிருந்தது.

சாப்பிடும்போது எரிச்சல் அடங்குவது இந்த நோயில் அடிக்கடி காணும் அடையாளம். புண்ணால் வரும் எரிச்சல் சாப்பிடும்போது கூடும், இது குறையும். நோயைக் கண்டுபிடிக்க மருத்துவருக்கு உதவும் அதே குறிதான் வீட்டாருக்குச் சந்தேகத்தைக் கொடுக்கிறது. அன்று கணவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, "சாப்பிடும்போது எரியலன்னு சொன்னீங்க பாருங்க, அதை வச்சுத்தான் இது நிஜமான நோய்னு தெரியுது" என்று சொல்லப்பட்டது. அந்தப் பெண் அழுதுவிட்டார். மருந்து அதற்குப் பிறகுதான் எழுதப்பட்டது.

2005-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் இத்தகைய நோயாளிகளின் நாக்கிலிருந்து துளிச் சதை எடுத்துப் பார்த்து, மேல்தோலில் இருக்க வேண்டிய நுண்ணரம்பு இழைகள் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். பாடநூல்களில் 'மனம் சார்ந்தது' என்ற தலைப்பின் கீழ் கிடந்த நோய் நரம்புப் பக்கம் நகரத் தொடங்கியது. அதற்குப் பத்து வருடம் முன்பே, 1995-ல், சுவீடனில் 30 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில் வாரம் ஒருமுறை அறிவாற்றல் சிகிச்சை பெற்றவர்களுக்கு எரிச்சல் குறைந்தது. ஆறு மாதம் கழித்தும் அந்தக் குறைவு நின்றது. நரம்பில் கோளாறு என்றால் பேச்சால் எப்படிக் குறையும் என்று மாணவர்கள் கேட்பார்கள். வலி நரம்பில் தொடங்கினாலும் அதை எவ்வளவு என்று கணக்கிடுவது மூளை. அங்கே பயம், தூக்கமின்மை, யாரும் நம்பவில்லை என்ற ஆத்திரம் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்கின்றன. நோய்க்குக் காரணம் மனம் என்று சொல்வது வேறு, நோயைத் தாங்குவதில் மனத்துக்குப் பங்குண்டு என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் நடந்த தவறுகள் கொஞ்சமில்லை.

அதில் ஒன்று. சர்க்கரை நோய்க்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிட்டு வந்த, சைவ உணவுக்கார மூதாட்டி ஒருவர் நாக்கு எரிகிறது என்று வந்தார். மகன் வெளிநாட்டில், தனியாக இருக்கிறார், தூக்கமில்லை. கதை அவ்வளவு பொருத்தமாக இருந்ததால் கவலையே காரணம் என்று முதலில் பார்த்தவர் எழுதினார். அடுத்த மாதம் இன்னொருவர் நாக்கை விளக்கில் பார்த்தபோது ஓரங்கள் வழவழவென்று சிவந்து, நாக்கின் நுண்மேடுகள் தேய்ந்திருந்தன. பி12 மிகக் குறைவு. ஊசி போடத் தொடங்கிச் சில வாரங்களில் எரிச்சல் போயிற்று. கைகால் மதமதப்பும் குறைந்தது. மெட்ஃபார்மின் நீண்ட நாள் எடுத்தால் பி12 குறையலாம் என்பது எல்லா மருத்துவருக்கும் தெரிந்ததுதான். தனியாக இருக்கும் தாய் என்ற கதை அதை மறைத்துவிட்டது. பல்செட்டுக்கு அடியில் வளரும் பூஞ்சை, சில ரத்த அழுத்த மாத்திரைகள், இரும்புச்சத்துக் குறைவு இவையெல்லாம் நாக்கை எரிக்கும். இவற்றைப் பார்த்து ஒதுக்கிய பிறகே மனத்தின் பக்கம் திரும்ப வேண்டும் என்ற ஒழுங்கு இப்படிப்பட்ட தவறுகளிலிருந்து வந்தது.

மருந்துக் கடையில் நடப்பதையும் சொல்ல வேண்டும். எரிச்சலுக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதுவதுண்டு. குளோனாசிபாம் மாத்திரையை விழுங்காமல் மூன்று நிமிடம் வாயில் ஊறவைத்துத் துப்பும் முறையும் பிரான்சில் சோதிக்கப்பட்டு இங்கே வந்தது. சீட்டை வாங்கிய கடைப் பையன், "இது மனநோய்க்குக் குடுக்கற மாத்திரையாச்சே, உங்களுக்கா?" என்று கேட்பான். நோயாளி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார், மறுபடி வரமாட்டார். இப்போது மருந்துக் கடையில் என்ன சொல்வார்கள் என்பதையும் சேர்த்து ஸ்டூலிலேயே சொல்லிவிடுகிறார்கள்: அமிட்ரிப்டிலின் நரம்பு அதிகமாகத் துடிப்பதை அடக்க; மனச்சோர்வுக்கு இதே மருந்தை இதைவிடப் பல மடங்கு கூடுதலாகக் கொடுப்பார்கள்; வாய் கொஞ்சம் உலரும், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். முன்கூட்டிச் சொன்ன உலர்ச்சியைப் பொறுத்துக்கொள்கிறவர்கள், சொல்லாமல் வந்த உலர்ச்சியை நோய் முற்றியதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

லைக்கன் பிளானஸ் வேறு மாதிரி. கன்னத்தின் உட்புறத்தில் நூல் பின்னியதுபோல வெள்ளைக் கோடுகள் தெரியும். சிலருக்கு இடையில் தோல் உரிந்து சிவந்திருக்கும். காரம் பட்டால் உயிர் போகும். குறையும், கூடும், வருடக்கணக்கில் நீடிக்கும். இந்த நோயாளிகள் முதலில் கைவிடுவது பந்தியை. கல்யாண வீட்டுக்குப் போவார்கள், மொய் எழுதுவார்கள், சாப்பிடாமல் திரும்புவார்கள். கேட்டால் விரதம் என்பார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மூன்று வருடமாக ஒரு விசேஷத்திலும் இலை முன் உட்காரவில்லை. சம்பந்தி வீட்டார் அதைக் கர்வம் என்று எடுத்துக்கொண்டார்கள். புண்ணைவிட அந்தப் பெயர்தான் அவரை அதிகம் வருத்தியது. அவர் அதைச் சொன்னது நான்காவது வருகையில்.

இதில் மருத்துவர்கள் செய்யும் கெடுதி ஒன்றுண்டு. "இது புற்றுநோயா மாறலாம், பார்த்துக்கோங்க" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போவது. சொன்னதில் பொய்யில்லை. ஆனால் எவ்வளவு பேருக்கு என்று சொல்லாததால் கேட்டவர் தனக்கு என்றே எடுத்துக்கொள்வார். ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு என்பதே பல ஆண்டுக் கணக்குகள் காட்டுவது. "நூறு பேர்ல தொண்ணூத்தொம்பது பேருக்கு மாறாது. அந்த ஒருத்தரை ஆரம்பத்துலயே பிடிக்கத்தான் உங்க எல்லாரையும் ஆறு மாசத்துக்கு ஒருதடவை வரச் சொல்றோம்" என்று சொன்னால் அதே உண்மை வேறு விதமாகப் போய்ச் சேர்கிறது. தேதியையும் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால், நடுவில் உள்ள ஐந்து மாதமும் பயப்படும் பொறுப்பு நோயாளியின் தலையில் இல்லை.

"டென்ஷனைக் குறைங்க" என்ற அறிவுரையையும் இங்கேதான் அதிகம் கொடுக்கிறார்கள். லைக்கன் பிளானஸ் உள்ளவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எது முந்தியது என்பது அவ்வளவு எளிதாகப் பிரியாது. வருடக்கணக்கில் ரசம்கூடச் சாப்பிட முடியாதவருக்குப் பதற்றம் வராமலிருந்தால்தான் ஆச்சரியம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் தாயிடம் டென்ஷனைக் குறைக்கச் சொல்வது, நோய்க்கு நீயே காரணம் என்பதுபோல அவர் காதில் விழுகிறது. அதைவிடப் பயன்பட்டது பத்து ரூபாய்க்கு வாங்கிய குறிப்பேடு ஒன்று. தினமும் இரவில் எரிச்சலுக்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு எண், அன்று சாப்பிட்டது, தூங்கிய நேரம். ஆறு வாரம் எழுதியவர்கள் தாங்களே கண்டுபிடித்து வந்து சொன்னார்கள்: கூர்மையான பல் உரசுகிறது, குறிப்பிட்ட பற்பசையில் எரிகிறது, தூக்கம் கெட்ட மறுநாள் கூடுகிறது. பல்லை ராவிவிடலாம், பற்பசையை மாற்றலாம். நோய் தன் இஷ்டத்துக்கு வந்து போவதாக இருந்த எண்ணம் தளர்ந்தது.

புற்றுநோய்ப் பயம் தனி அத்தியாயம். கிராமத்து முதியவர்கள் அதன் பெயரைச் சொல்லமாட்டார்கள், "புத்தா இருக்குமோ?" என்று மெல்லக் கேட்பார்கள், அல்லது "அந்த நோயா?" என்று கண்ணால் கேட்பார்கள். கைபேசியில் டார்ச்சும் கேமராவும் வந்த பிறகு இந்தப் பயத்துக்குப் புதிய கூட்டம் சேர்ந்தது: இருபத்தைந்து வயது இளைஞர்கள். நாக்கை நீட்டி ஆழத்தில் படம் எடுத்தால் வரிசையாகப் பருக்கள் தெரியும். நாக்கின் வேர்ப்பக்கம் 'வி' வடிவில் எட்டு முதல் பன்னிரண்டுவரை எல்லாருக்கும் உள்ள சுவைமேடுகள் அவை. ஒரு மென்பொருள் ஊழியர் தன் நாக்கின் நானூற்றுச் சொச்சம் படங்களைத் தேதிவாரியாக ஃபோல்டர் போட்டு வைத்திருந்தார். ஏழு டாக்டர்கள் "ஒன்றுமில்லை" என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் மறுபடி டார்ச்.

இவர்களிடம் எட்டாவது முறையாக ஒன்றுமில்லை என்பதில் பயனில்லை. அந்த வார்த்தையே பழக்கமாகிவிடுகிறது. அந்த இளைஞரிடம் முதலில் கேட்டது, வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று. தாய்மாமா இறந்து எட்டு மாதம். கன்னப் புற்று. மருத்துவமனையில் கூடவே இருந்தது இவர்தான். அதன் பிறகு கண்ணாடியைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு மேட்டையும் காட்டிப் பெயர் சொல்லி, இயல்பான நாக்கின் படத்தை அருகில் வைத்து ஒப்பிடச் சொன்னார்கள். பிறகு ஓர் ஒப்பந்தம்: மாதம் ஒருநாள் மட்டும் பார்ப்பது, மற்ற நாள் பார்க்கத் தோன்றினால் நேரத்தைக் குறித்துவைப்பது, மூன்று மாதம் கழித்து மருத்துவர் பார்ப்பது. படங்களை அழிக்கச் சொல்லவில்லை. அவரே ஒருநாள் அழித்துவிட்டு வந்தார். எல்லாரும் இப்படி மீள்வதில்லை. சிலருக்கு அது நோய்ப்பயக் கோளாறாகவே இருக்கும். அவர்களுக்கு மனநல சிகிச்சை வேண்டும்.

பாக்குப் பழக்கத்தால் வரும் வாய் இறுக்கம் இந்தியா சுமக்கும் பெரிய பாரம். 1952-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு ஷ்வார்ட்ஸ் என்பவர் எழுதினார்; அடுத்த ஆண்டு பம்பாயில் ஜோஷி என்பவர் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்ற பெயரைக் கொடுத்தார். கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார் சேர்ந்து பட்டையாக இறுகும். பெரியவர்களுக்கு வாய் 40 மி.மீ. அளவுக்குத் திறக்க வேண்டும்; 15-க்கும் 20-க்கும் வந்து நிற்பவர்கள் உண்டு. பலூன் ஊத முடியாது, விசிலடிக்க முடியாது, இட்லியைப் பிட்டுத்தான் தள்ள வேண்டும். புகையிலை கலக்காத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட தொகுப்பில் அறிவித்தது. தாம்பூலத் தட்டில் பாக்கு வைத்து வரவேற்கும் ஊரில் இதைச் சொல்லிப் புரியவைப்பது லேசல்ல. "புகையிலை போடறதில்ல டாக்டர், வெறும் பாக்குதான்" என்று நிம்மதியோடு சொன்னவர்கள் எண்ணற்றவர்கள்.

பயமுறுத்துவதுதான் பழைய சிகிச்சை. மேசையில் ஓர் ஆல்பம் இருக்கும். கன்னம் ஓட்டையான முகங்கள். பக்கம் பக்கமாகப் புரட்டி, "இப்படி ஆகணுமா?" என்று கேட்பார்கள். நோயாளி தலையாட்டுவார், சத்தியம்கூடச் செய்வார். மருத்துவமனை வாசலில் உள்ள பெட்டிக்கடையில் பொட்டலத்தைக் கிழிப்பார். கூட வந்த தம்பி மறுநாள் சொல்லித் தெரியவரும். பயந்தவனுக்கு உடனே ஆறுதல் தரும் பொருள் அந்தப் பொட்டலத்தில்தான் இருக்கிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை. 2001-ல் தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை வந்தது, நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2013-ல் மீண்டும் வந்தது. தடைக்குப் பிறகு விலை ஏறியது, பொட்டலம் கல்லாவுக்கு அடியில் போனது.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் குடிநோயாளிகளுக்காக 1983-ல் முன்வைத்த உரையாடல் முறை இந்தப் பிரிவுக்கு இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் வந்தது. ஆல்பம் அலமாரிக்குப் போயிற்று. "விடணும்" என்பதற்குப் பதில் "இதுல உங்களுக்கு என்ன கிடைக்குது?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒரு லாரி ஓட்டுநர், ஓசூரிலிருந்து இரவில் கிளம்பினால் விடியும்வரை கண் சொக்காமல் இருக்க அதுதான் வழி என்றார். விசைத்தறித் தொழிலாளி, பசியை மறக்க என்றார். பதினாறு வயதுப் பையன், எதிர்வீட்டு அண்ணன் கொடுத்தான் என்றான். மூன்று பேருக்கும் ஒரே அறிவுரை எப்படிப் பொருந்தும்? ஓட்டுநரிடம் முதலில் பேசியது பாக்கைப் பற்றியே அல்ல, எந்தச் சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி இருபது நிமிடம் தூங்க முடியும் என்பதைப் பற்றி.

விட்ட பிறகுதான் இந்த நோயின் கொடுமையான கட்டம். பாக்கை நிறுத்தினால் எரிச்சல் குறையும். சேர்ந்த நார் கரையாது. "விட்டுட்டேனே டாக்டர், வாய் தொறக்கலையே" என்று மூன்றாம் மாதம் வந்து நிற்பவருக்கு ஏமாற்றப்பட்ட கோபம் இருக்கும். பலர் திரும்பப் போடுவது அந்த வாரத்தில்தான். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கன்னத்தில் வாராவாரம் போடும் ஊசி வலிக்கும் என்பதையும், மூன்றாவது நான்காவது ஊசியில் பலர் நின்றுவிடுகிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஐஸ் குச்சிகள் உதவுவது இங்கே. கடையில் கட்டாக விற்கும் மரக்குச்சிகளை ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி, முன்பற்களுக்கு நடுவே செருகிப் பிடிப்பது. நாளைக்கு ஐந்தாறு தடவை. தாடையை விரிக்கும் பயிற்சி அது, ஆனால் அதில் இன்னொரு வேலையும் நடக்கிறது. பாக்குக்குப் பழகிய கைக்கும் வாய்க்கும் செய்ய ஒரு காரியம் கிடைக்கிறது. ஒன்பது குச்சியில் தொடங்கிய அந்த ஓட்டுநர் இரண்டு மாதத்தில் பன்னிரண்டுக்கு வந்தார். ஸ்கேலில் 5 மி.மீ. மருத்துவருக்கு அது சின்ன எண். அவர் குச்சிக்கட்டை டேஷ்போர்டில் வைத்திருந்தார். கிளீனர் பையன் எண்ணிச் சரிபார்ப்பானாம்.

ஒட்டுமோ என்ற பயம் நோயாளியை வீட்டுக்குள்ளேயே தனிமைப்படுத்தும். தொண்ணூறுகளில் எச்.ஐ.வி. பரவிய காலத்தில் இது உச்சத்தில் இருந்தது. இந்தியாவில் அந்தத் தொற்று முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986-ல், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். வாயில் வெள்ளையாகப் படியும் பூஞ்சை பலருக்கு முதல் அறிகுறி என்பதால் பல் டாக்டரே அதை முதலில் சந்தேகிக்க வேண்டியிருந்தது. அதுவரை வெறுங்கையால் வாயைச் சோதித்தவர்கள் கையுறைக்கு மாறியதும் அப்போதுதான். உறையைக் கண்ட நோயாளி தனக்குத்தான் ஏதோ என்று நினைத்தார். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் ஒருவர் தனி அறையில் பேச வேண்டும் என்ற நடைமுறை அந்த நோயோடு வந்தது. அரசு மருத்துவமனைகளில் கவுன்சலிங் என்ற சொல் புழங்கத் தொடங்கியதே அதனால்தான் என்று சொல்லலாம். மற்ற வாய்நோய்களுக்கும் அந்த அறையைக் கடன் வாங்கலாம் என்று பல் டாக்டர்களுக்குத் தோன்றப் பின்னும் பல வருடம் ஆயிற்று.

பெம்பிகஸ் நோயாளிகளுக்கு அந்த அறை மிகவும் தேவைப்பட்டது. கொப்புளம் வாயில்தான் பெரும்பாலும் முதலில் வரும். மாதக்கணக்கில் சாதாரண வாய்ப்புண்ணாகவே பார்க்கப்படும். இளம்பெண் ஒருவருக்கு மாமியார் வீட்டில் தட்டும் டம்ளரும் தனியாக வைக்கப்பட்டிருந்தன. குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது. இது ஒட்டாது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் தோலைத் தாக்குவதால் வருவது என்று மாமியாரை வரவழைத்துச் சொன்னபோது, அந்தம்மா கேட்டது ஒரே கேள்வி: "எழுதிக் குடுப்பீங்களா?" எழுதிக் கொடுக்கப்பட்டது, தமிழில், முத்திரையோடு. அந்தச் சீட்டு வேலை செய்தது. ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியபின் முகம் உப்பும், தூக்கம் போகும், காரணமில்லாமல் சிரிப்பும் அழுகையும் வரலாம். இது மருந்தின் குணம் என்று வீட்டாருக்குத் தெரியாவிட்டால் அடுத்த பட்டம் பைத்தியம். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பதால் இதைச் சொல்லாமல் விடுவது வெறும் மறதி ஆகாது.

வாய்நாற்றப் பயம் சற்று விசித்திரம். நாற்றமே இருக்காது, ஆனால் எதிரே இருப்பவர் மூக்கைத் தொட்டால் தன்னால்தான் என்பார்கள். பேருந்தில் ஜன்னலோரம் மட்டும் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி வருவார்கள். ஈறு சுத்தம் செய்து, வாய்க் கொப்பளிப்பும் கொடுத்து, நாற்றமில்லை என்று காட்டிய பிறகும் நம்பாதவர்களைத் தனி வகையாகப் பிரித்து மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று ஜப்பானிய வகைப்பாடு சொல்கிறது. ஆரோக்கியமான பல்லையெல்லாம் பிடுங்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். பிடுங்கிக் கொடுத்த டாக்டர்களும் உண்டு.

சதை டெஸ்ட் முடிவு புற்றுநோய் என்று வந்தால் அது வேறு விதமான பேச்சு. முன்பெல்லாம் கவரை உறவினர் கையில் கொடுப்பதோடு சரி. "அவர்கிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்கமாட்டார்" என்று மகன் வாசலிலேயே வழிமறிப்பார். அப்பாவோ உள்ளே வந்து, "பையன்கிட்ட சொல்லாதீங்க, பரீட்சை நேரம்" என்பார். ஒருமுறை கவரைப் பிரித்து, அதிலிருந்த கார்சினோமா என்ற சொல்லைப் பேருந்திலேயே கைபேசியில் தேடிப் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு மகள். அதற்குப் பிறகு அந்தப் பிரிவில் கவர் யார் கையிலும் கொடுக்கப்படவில்லை. கெட்ட செய்தியைச் சொல்வதற்கு 2000-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் வகுத்த ஆறு படி முறையில் இரண்டாவது படி, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. கேட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்திருக்கும். "அதுதானே டாக்டர்? நாக்குல கல்லு மாதிரி தட்டும்போதே தெரியும்" என்பார்கள். வீட்டில் எல்லாரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருந்தது அப்போது வெளியே வரும். அறுவைக்குப் பின் முகம் எப்படி இருக்கும், பேச்சு எப்படி வரும், மூக்குக்குழாய் எத்தனை நாள் என்பதை முன்பே, முடிந்தால் அதைத் தாண்டி வந்த ஒருவரை நேரில் காட்டிச் சொல்ல வேண்டும்.

மனநல மருத்துவரிடம் போகச் சொல்லும்போது சென்னை நோயாளி கேட்பது: "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பறீங்களா?" 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் ஊர்ப்பெயரே வசவாகிவிட்டது. அதனால் சொல்லும் விதம் முக்கியம். "எங்களால முடியல, அங்க போங்க" என்றால் கைகழுவியதாக ஆகும். "அவரும் நானும் சேர்ந்து பார்க்கறோம், அவரைப் பார்த்துட்டு அடுத்த வியாழன் இங்க வாங்க" என்று தேதி போட்டுக் கொடுத்தால் போகிறார்கள். யாரை அனுப்புவது என்பதற்கு இரண்டு கேள்வி போதும்: இரண்டு வாரமாக மனசு சோர்ந்தே இருக்கிறதா, எதிலும் நாட்டம் இல்லையா. ஆம் என்றால், பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளக்க 1983 முதல் புழக்கத்தில் உள்ள பதினான்கு கேள்விப் படிவத்தை நிரப்பச் சொல்லலாம். சாக வேண்டும்போல இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்; கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனநல உதவிக்காக 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண் இப்போது ஒவ்வொரு சீட்டின் பின்பக்கத்திலும் முத்திரையாகக் குத்தப்படுகிறது.

நூறு பேர் நிற்கும் ஓ.பி.யில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. காலையில் முடியாது. அதனால் பைக்காரர்களுக்கு மட்டும் வியாழக்கிழமை மதியம் ஒதுக்கப்பட்டது. ஆளுக்கு இருபது நிமிடம், பத்துப் பேருக்கு மேல் இல்லை. பட்டமேற்படிப்பு மாணவர்கள் நிரப்பும் நோயாளித் தாளில் புண்ணின் அளவு, நிறம், ஓரம் என்று இருந்த கட்டங்களுக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம் சேர்க்கப்பட்டது: 'இது என்ன நோய் என்று நோயாளி நினைக்கிறார்?' ஆரம்பத்தில் மாணவர்கள் அதில் 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அப்படி எழுதிய தாளில் இப்போது கையெழுத்து விழுவதில்லை. மாணவர் திரும்பிப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கேட்டு வர வேண்டும்.